எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஒரே ஒரு வயலின்: வெறும் மெட்டா, டபுள் ஸ்டாப்பா, லூப் பெடலா?

ஒரு பாட்டின் மெட்டை வயலினில் பிடிப்பது பெரிய வேலை இல்லை. கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய பாட்டு என்றால், ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரே மாலையில் விரலுக்கு வந்துவிடும். அதைப் பதிவு செய்து போட்டுக் கேட்கும்போதுதான் சங்கடம்: சுரமெல்லாம் சரி, பாட்டு மட்டும் காணோம். அசல் பதிவில் கீழே பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி நகர்ந்துகொண்டிருக்கிறது, நடுவில் கிட்டாரோ கீபோர்டோ கார்டுகளை (ஒரே சமயம் ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) நிரப்புகிறது, தாளம் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலே சொற்கள் இருக்கின்றன. நாம் வயலினை எடுத்த நிமிடமே இதில் முக்கால்வாசி கழன்று போகிறது. போனதில் எதைத் திரும்பக் கொண்டுவருவது, எதைப் போனால் போகட்டும் என்று விடுவது, இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வழிகள் ஐந்தாறு உண்டு. மெட்டை மட்டும் தனியாக வாசிக்கலாம். விரல் வைக்காத ஓப்பன் தந்தியைச் சுருதி மாதிரி சேர்த்துக்கொள்ளலாம். டபுள் ஸ்டாப் (இரண்டு தந்தியை ஒரே வில்லில் சேர்த்து வாசிப்பது), கார்டு என்று ஒரே வயலினில் துணையும் தானே ஆகலாம். கார்டை முழுதாக வாசிக்காமல் அங்கங்கே கோடி காட்டிவிட்டுப் போகலாம். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும், காலால் இயக்கும் லூப் பெடல் வைத்துக்கொள்ளலாம். பின்னணி ட்ராக் போட்டு அதன்மேல் வாசிக்கலாம். என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பாடல்களுக்கு மெட்டு, கூட ஓப்பன் தந்தி, கார்டு மாறும் முக்கியமான சில இடங்களில் மட்டும் ஒரு தொடல், இது போதும். ஆனால் எல்லாப் பாட்டும் இதற்குப் படியாது, அதனால் முதலில் பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. எந்தத் துணையும் இல்லாமல் பாட்டை வாய்விட்டு, சொற்கள் இல்லாமல் வெறும் 'லா லா'வில் பாடிப் பாருங்கள். அப்படிப் பாடியும் மனதை இழுத்தால், பாட்டின் உயிர் மெட்டிலேயே இருக்கிறது. தனி வயலின் தாங்கும். எங்கேயாவது சப்பென்று ஆகிவிட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே பாடகர் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார், கீழே கார்டு மாறிக்கொண்டிருக்கும். மேற்கத்திய எழுத்துப் பெயரில் ஏ எனப்படும் சுரத்தை நீளமாகப் பிடித்திருக்கும்போது அடியில் டி மேஜர் கார்டு எஃப் மேஜராக மாறினால், அதே ஏ முதலில் கார்டுக்குப் பெயர் தரும் மூலசுரத்திலிருந்து எண்ணி ஐந்தாவது சுரமாக இருந்து சட்டென்று மூன்றாவதாகிவிடுகிறது. நெஞ்சை என்னவோ செய்வது அந்த மாற்றம்தான். வயலினில் மெட்டை மட்டும் வாசித்தால் கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு நீளமான ஏ, அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடங்கள் பாட்டில் ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். பாட்டு முழுக்க அப்படித்தான் என்றால் தனி மெட்டு வேண்டாம், வேறு வழிக்குப் போங்கள், அல்லது வேறு பாட்டுக்கு.

வெறும் மெட்டு என்று முடிவானால் கிடைக்கும் முதல் லாபம் காலம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், ஒரு வரியின் நடுவே நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம், உச்சத்துக்கு முன் சற்று இழுக்கலாம், தாளக்கட்டு தளர்ந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இரண்டாவது, வில் முழுவதும் உங்கள் கையில். இரண்டு தந்தியை ஒரே சமயம் சமாளிக்கிற கவலை இல்லாதபோது வில்லின் வேகம், அழுத்தம், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கமா விரல்பலகைப் பக்கமா என்கிற இடம், இந்த மூன்றை வைத்தே ஒரே சுரத்தைக் குழைக்கவும் முடியும், கடிக்கவும் முடியும்.

தொல்லை சொற்களில் வருகிறது. பாட்டில் ஒரே சுரத்தில் ஆறேழு அசைகள் அடுத்தடுத்து வரும். பாடகர் மெய்யெழுத்துகளை வைத்து அதற்கு உயிர் கொடுத்துவிடுவார். வயலினுக்குக் 'க'வும் இல்லை, 'த'வும் இல்லை. ஒவ்வொரு அசைக்கும் ஒரு வில் போட்டால் ஆணி அடிப்பது போல் இருக்கும். இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே வில்லில் எடுத்து, அசை விழும் இடத்தில் மட்டும் லேசாக அழுத்தி அழுத்தி விடுவது. மற்றொன்று, பேச்சில் அழுத்தம் விழும் அசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கூசாமல் வெட்டி நீண்ட சுரமாக்கிவிடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது, கேட்பவர் மனதிலேயே சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாம் வரியின் முதல் அசையையும் கடைசி அசையையும் சரியான இடத்தில் வைத்தால் நடுவில் இருப்பதை அவர் நிரப்பிக்கொள்வார். அதிகம் பேருக்குத் தெரியாத பாட்டு என்றால் இந்தச் சலுகை கிடையாது.

பாடகர் போடும் அசைவுகளை அப்படியே நகல் எடுப்பதா, சொந்தமாகப் போடுவதா என்றும் ஒரு கேள்வி உண்டு. கேட்டவுடன் 'ஆமாம், இந்தப் பாட்டுதான்' என்று அடையாளம் காட்டும் சறுக்கல் இரண்டு மூன்று எந்தப் பாட்டிலும் இருக்கும். அவற்றை விடாதீர்கள். மற்ற இடங்களில் தொண்டை செய்ததை விரல் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லாச் சுரத்திலும் ஒரே அகலத்தில் வைப்ராட்டோ (விரலை ஆட்டிச் சுரத்தை அதிர வைப்பது) போடுவது மட்டும் வேண்டாம், அது உணர்ச்சியைக் கூட்டுவதற்குப் பதிலாக எல்லா வரியையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும்.

அப்புறம் சரணங்கள். பாட்டில் ஒரே மெட்டில் இரண்டு மூன்று சரணம் வருவது சொற்கள் மாறுகின்றன என்கிற தைரியத்தில். வயலினில் அதே மெட்டு அப்படியே மூன்றாவது முறை வந்தால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு சரணத்தை வெட்டுங்கள். இருப்பதில் ஒன்றை ஜி தந்தியில் கீழே வாசியுங்கள், மற்றொன்றை ஒரு ஸ்தாயி மேலே. நாலைந்து நிமிடப் பாட்டு தனி வயலினில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது என்பது என் கணக்கு.

எந்த ஸ்கேலில் வாசிப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை, அசலில் எதில் இருக்கிறதோ அதில் எடுத்துவிடுகிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மேற்கத்திய முறையில் வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ; கீழ் ஜி 196 ஹெர்ட்ஸ், ஏ 440. ஒரு பாட்டு டி ஃப்ளாட் மேஜரில் இருந்தால் அந்த ஸ்கேலில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. ஓப்பன் தந்தி எதையும் சேர்க்க முடியாது, எந்தத் தந்தியும் தானாகக் கூட அதிராது, ஒலி சற்று மூடினாற்போல் இருக்கும். அதையே அரைச்சுரம் ஏற்றி டி மேஜருக்குக் கொண்டுவந்தால் நான்கு தந்தியும் ஸ்கேலுக்குள் வந்துவிடுகின்றன. ஜி தந்தியில் டி வாசிக்கும்போது பக்கத்து டி தந்தி தானே அதிர்ந்து கூட ஒலிக்கும், வயலின் திடீரென்று பெரிதானது மாதிரி இருக்கும். அரைச்சுர மாற்றத்தைக் கேட்பவர்களில் அநேகம் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனவே தனியாக வாசிப்பதென்றால் டி, ஜி, ஏ பக்கம் நகர்த்துவதே என் தேர்வு. இருண்ட, அடங்கிய ஒலிதான் பாட்டுக்கு வேண்டும் என்றால் ஃப்ளாட் ஸ்கேலிலேயே விட்டுவிடலாம். அது வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆண் குரல் பாட்டு என்றால் இன்னொரு சிக்கல். வயலின் கீழ் ஜிக்குக் கீழே போகாது, ஆண் குரலோ தாராளமாகப் போகும். வழக்கமாகச் செய்வது முழுப் பாட்டையும் ஒரு ஸ்தாயி ஏற்றிவிடுவது. சுரம் பொருந்திவிடும், ஆனால் குரலில் இருந்த கனம் போய்விடும். அதைவிட, பாட்டின் மிகத் தாழ்ந்த சுரம் எது என்று பார்த்து, அது ஜிக்கு வரும் அளவுக்கு மட்டும் ஸ்கேலை ஏற்றுவது மேல். மிகத் தாழ்ந்த சுரம் ஈ என்றால் மூன்று அரைச்சுரம் ஏற்றினால் போதும், மெட்டு ஜி, டி தந்திகளிலேயே உலவும், வயலினின் மிக மனிதக் குரல் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கர்நாடக முறையில் படித்தவர்கள் ச-ப-ச-ப (ஷட்ஜம், பஞ்சமம்) என்று சுருதி கூட்டிய வயலினையே கையில் வைத்திருப்பார்கள். அதை ஜி-டி-ஏ-ஈக்கு மாற்ற வேண்டுமா? அமெரிக்க நாட்டுப்புற ஃபிடில் வாசிப்பவர்கள் சில மெட்டுகளுக்கு ஏ-ஈ-ஏ-ஈ என்று கூட்டிக்கொள்வார்கள். இடைவெளிகளைப் பார்த்தால் அது அச்சு அசல் ச-ப-ச-ப. காரணமும் ஒன்றே: ஆதார சுருதி இரண்டு ஸ்தாயியிலும் ஓப்பன் தந்தியாகக் கிடைக்கிறது, கீழே வாசித்த விரலமைப்பு மேலேயும் அப்படியே செல்லுபடியாகிறது. ஒரே ஆதாரத்தில் நிற்கும், ராகச் சாயல் தெரியும் பாட்டு என்றால் ச-ப-ச-பவை மாற்றாதீர்கள், அதைவிட நல்ல ட்ரோன் (விடாமல் ஒலிக்கும் சுருதி) வேறு இல்லை. கார்டுகள் அடிக்கடி மாறும் பாட்டு என்றால் அதே ட்ரோன் பகையாகிவிடும், ஷட்ஜம் எந்நேரமும் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தால் கார்டு மாறியதே தெரியாது. அங்கே தந்திக்குத் தந்தி எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி ச-ப தூரமாக, அதாவது ஐந்தாம் இடைவெளியாக, இருக்கும் மேற்கத்திய கூட்டல்தான் வசதி, டபுள் ஸ்டாப்பின் கைவடிவங்கள் எந்த ஜோடித் தந்தியிலும் மாறாது. ஒரே நிகழ்ச்சியில் இதையும் அதையும் மாற்றி மாற்றிக் கூட்டுவது மட்டும் வேண்டாம். இழுத்த தந்தி உடனே நிலைக்காது, அடுத்த பாட்டின் நடுவில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனி டபுள் ஸ்டாப். பிரிட்ஜ் வளைவாக இருப்பதால் வில் இரண்டு தந்தியை நிம்மதியாகப் பிடித்து இழுக்கும், மூன்றை அழுத்தி ஒரு கணம் பிடிக்கும், நான்கு என்றால் இரண்டிரண்டாக உடைத்துத்தான் வாசிக்க வேண்டும். எனவே கிட்டார் கார்டை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. மெட்டுக்குக் கீழே ஒரே ஒரு சுரத்துக்குத்தான் இடம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கார்டின் நிறத்தைத் தீர்மானிக்கும் சுரம் எதுவோ அதை எடுக்க வேண்டும், பெரும்பாலும் அது மூன்றாவது சுரம். மெட்டே மூன்றாவதில் நின்றால் கீழே மூலசுரத்தை வையுங்கள். ஆறாம் இடைவெளி (ஒரு சுரமும் அதிலிருந்து எண்ணி ஆறாவதும்) ஜோடிகள் கைக்கு இதம், இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போலவும் இருக்கும். ஆனால் பல்லவி முழுக்க அதையே ஓட்டினால் ஒரு நிமிடத்தில் திகட்டிவிடும். சுத்தமான ஐந்தாம் இடைவெளி ஒரே விரலை இரண்டு தந்தியிலும் படுக்க வைத்தால் கிடைத்துவிடும், பார்க்க எளிது, விரல் இம்மி சரிந்தாலும் சுருதி கெடும்.

மேலே சொன்ன விலை இதுதான்: மெட்டு ஜி தந்தியில் இருந்தால் அதற்குக் கீழே தந்தியே இல்லை. துணைச் சுரம் மேலேதான் வர முடியும், காதோ எப்போதும் மேலே இருப்பதையே மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். வில்லின் கனத்தை ஜி பக்கம் சாய்த்து, மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் சமாளிக்கலாம், நல்ல வில் கட்டுப்பாடு வேண்டும். அது இன்னும் வரவில்லை என்றால் தாழ்ந்த பகுதியில் டபுள் ஸ்டாப்பை மறந்துவிட்டு வெறும் மெட்டாக விடுங்கள், மேலே போகும்போது சேர்த்துக்கொள்ளலாம். அந்த வேறுபாடே ஒரு வளர்ச்சி மாதிரிக் கேட்கும்.

எல்லாவற்றையும் ஒரே வயலினில் வாசித்தே தீருவேன் என்பவர்களுக்கு முன்னோர்கள் உண்டு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815இல் எழுதிய எர்ல்கோனிக் (பேய் அரசன்) பாடலை வயலின் கலைஞர் எர்ன்ஸ்ட் தன் ஓபஸ் 26 (படைப்பு எண் 26) ஆகத் தனி வயலினுக்கு மாற்றினார். அசலில் ஒரு பாடகரும் பியானோவும் சேர்ந்து செய்வதை, கதை சொல்பவர், அப்பா, பிள்ளை, அந்தப் பேய் அரசன், கூடவே ஓயாத குதிரைக் குளம்படி என அத்தனையையும் நான்கு தந்தியில் அடக்கியிருக்கிறார். பேய் அரசன் பேசுமிடத்துக்கு ஹார்மோனிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய உயர்ந்த ஒலி) வைத்தது அபாரமான யோசனை. ஆனால் அதை வாசிக்கக் கூடியவர்கள் மிகக் குறைவு. நன்றாக வாசித்தாலும் கேட்பவர் கவனம் பாதிக்கு மேல் விரல்களின் மேல்தான் இருக்கும். வியக்க வைப்பது நோக்கமானால் அந்தப் பாதை சரி. பாட்டின் உணர்ச்சி போய்ச் சேர வேண்டும் என்றால் அதிலிருந்து அந்த ஹார்மோனிக்ஸ் மாதிரி ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோடி காட்டும் வழியை நான் அதிகம் நம்புகிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தன் தனி வயலின் படைப்புகளான சொனாட்டாக்களையும் பார்ட்டிட்டாக்களையும் 1720 தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில், பேஸ் துணை இல்லாமல் என்று தலைப்பிலேயே சொல்லி எழுதினார். ஆனால் கேட்டால் பேஸ் இருப்பதாகவே தோன்றும். ஒரு தாழ்ந்த சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே போய்விட்டால், அது நின்ற பிறகும் காது அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதை நம் பாட்டுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு உதாரணம். மெட்டு எஃப் ஷார்ப்பில் நீளமாக நிற்கிறது, அடியில் டி மேஜர் பி மைனராக மாறுகிறது. முதலில் ஓப்பன் டியைச் சட்டென்று தொட்டு அதே தந்தியில் எஃப் ஷார்ப்புக்குப் போங்கள். கார்டு மாறும் இடத்தில், எஃப் ஷார்ப் பிடித்திருக்கும் இரண்டாம் விரலையே ஜி தந்திக்கும் சேர்த்துப் படுக்க வைத்தால் கீழே பி கிடைத்துவிடும். அதை ஒரு கணம் ஒலிக்க விட்டு வில்லை மேல் தந்திக்கே திருப்பிக்கொள்ளலாம். சுரம் கூடியது ஒன்றிரண்டுதான், கார்டு மாறியது தெளிவாகத் தெரியும்.

இன்னொரு இடம், வரிக்கும் வரிக்கும் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி. அசலில் அங்கே புல்லாங்குழலோ கிட்டாரோ ஒரு சின்ன இடைத்துணுக்கு வாசித்திருக்கும். அதை அப்படியே நகலெடுக்காமல், அடுத்த கார்டின் சுரங்களை உடைத்து மூன்று நான்காக இறக்கினால் துணையும் ஆயிற்று, அடுத்த வரிக்கு வாசலும் ஆயிற்று. எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடாதீர்கள். சில இடங்களில் மௌனம் இருக்கட்டும்.

லூப் பெடலைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். பிக்கப்போ (வயலினில் பொருத்தும் ஒலிவாங்கி) மைக்கோ வேண்டும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வேண்டும், காலுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். கைவிரலால் தந்தியை மீட்டும் பிட்சிகாட்டோவில் பேஸ், வில்லைத் தந்தியில் வெட்டி வெட்டித் தாளம், அதன்மேல் கார்டு, கடைசியில் மெட்டு என்று அடுக்கினால் ஒருவரே ஒரு குழுவாகிவிடலாம். நான்கு கார்டு சுழன்று சுழன்று வரும் பாட்டுக்கு இது அருமை. பல்லவிக்கு ஒரு கார்டு வரிசை, சரணத்துக்கு வேறு என்றால் இரண்டு லூப் வேண்டும், மாற்றும் கணத்தில் கால் பிசகினால் எல்லாம் பிசகும். சுருதி சற்று விலகிய ஒரு சுரம் லூப்புக்குள் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வந்து நிற்கும். இதையெல்லாம்விட எனக்குள்ள மனத்தாங்கல் காலம்தான். லூப் காத்திருக்காது. தனி வயலினுக்குக் கிடைத்த ஒரே பெரிய சுதந்திரத்தை முதல் நிமிடத்திலேயே அடகு வைத்துவிடுகிறோம், அந்த முதல் நிமிடமும் அடுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆட்டம் போட வைக்கும் பாட்டுக்கு லூப், உருக வைக்கும் பாட்டுக்கு வேண்டாம் என்பேன்.

பின்னணி ட்ராக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் ஆகும், நிறைவாக ஒலிக்கும், ஆனால் அங்கே வயலின் பாடகரின் காலி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, பாட்டைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. ஸ்கேலையும் அசலிலேயே வைக்க வேண்டியிருக்கும், அல்லது ட்ராக்கை மென்பொருளில் ஏற்றி இறக்க வேண்டும். கூட வாசிக்க ஒரு பியானோக்காரரோ கிட்டார்க்காரரோ கிடைத்தால் அது எவ்வளவோ மேல், அவர் உங்களோடு மூச்சு வாங்குவார். அப்போது அது தனி வயலின் இல்லை, அது பரவாயில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வாசிக்கப்போகும் அறையையும் கணக்கில் எடுங்கள். எதிரொலி அதிகமுள்ள பெரிய கூடத்தில் வெறும் மெட்டே நிறைந்து நிற்கும், டபுள் ஸ்டாப் அடுக்கினால் ஒன்றோடொன்று கலங்கிவிடும். திரைச்சீலையும் மெத்தை நாற்காலியுமாக ஒலியை விழுங்கும் அறையில் நிலைமை தலைகீழ், அங்கே ஓப்பன் தந்தியின் துணை இல்லாமல் மெட்டு வறண்டு போகும். பதிவு செய்வதாக இருந்தால் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆகவே துணையைக் குறைத்தே வாசியுங்கள். காப்புரிமை உள்ள பாட்டு என்றால், உங்கள் வடிவத்தை வெளியிடவோ விற்கவோ உரிமையாளரின் அனுமதி தேவைப்படும், உழைப்பைக் கொட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

கடைசியாக, எப்படி முடிப்பது. நிறையப் பாடல்களின் பதிவில் முடிவே கிடையாது, பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடும்போதே ஒலியைக் குறைத்துக் குறைத்து மறைத்திருப்பார்கள். அதை வில்லால் செய்து பார்க்கலாம், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் வாசிப்பதை நிறுத்தினீர்களா, மறந்துவிட்டீர்களா என்று சந்தேகம் வரும். உச்சியில் ஒரு ஹார்மோனிக்ஸ் வைத்து முடிப்பது அழகு, எல்லோரும் செய்வதால் சற்றுத் தேய்ந்தும் போய்விட்டது. டியிலோ ஜியிலோ வாசிக்கிறீர்கள் என்றால் ஓப்பன் தந்திகளோடு ஒரு முழுக் கார்டு உறுதியாக நிற்கும். நான் பெரும்பாலும் பல்லவியின் முதல் வரியை மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் இன்னொரு முறை வாசித்து, அந்த வரி பாட்டில் எந்தச் சுரத்தில் முடிகிறதோ அங்கேயே வில்லை எடுத்துவிடுகிறேன். ஆதார சுரத்துக்கு வந்து முடிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.